பிரசவத்துக்குப் பை கட்டுதல்

மூன்று தலைமுறைகளுக்கு முன், சேலம் அம்மாபேட்டையின் நெசவுத் தெரு ஒன்றில் ஒரு பெண்ணுக்கு இடுப்பு வலி கண்டால், குழித்தறியின் ஓசை நின்று, ஆண்கள் திண்ணைக்கு ஒதுங்கி, மருத்துவச்சி உள்ளே அழைக்கப்பட்டு, வெந்நீர்ப் பானை அடுப்பில் ஏறி, பரணிலிருந்து பழந்துணி மூட்டை கீழே இறங்கும். வேண்டிய வஸ்துக்கள் யாவும் வீட்டுக்குள்ளேயே இருந்தபடியால், எதையும் முன்கூட்டிக் கட்டி வைக்கவேண்டிய அவசியம் அந்நாளில் யாருக்கும் ஏற்படவில்லை. இன்று தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. அந்த மாறுதலால் எத்தனையோ தாய்மார்கள் உயிரோடு வீடு திரும்பியிருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நிறைகிறது. ஆனால் வீடு முழுவதையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக இயலாதாகையால், அதிலிருந்து எவற்றை எடுப்பது, எவற்றை விடுவது, எடுத்தவற்றை எந்த ஒழுங்கில் வைப்பது என்னும் விஷயம் இப்போது சற்று நிதானமாக யோசிக்க வேண்டியதாகிவிட்டது.

என் தங்கையின் முதல் பேறுகாலத்தில் நடந்ததைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். அவள் மிகுந்த சிரத்தையோடு தன் கையாலேயே பையைக் கட்டி வைத்திருந்தாள். நள்ளிரவில் வலி எடுத்து அவள் பிரசவ அறைக்குள் சென்றபின், செவிலியர் வாசலுக்கு வந்து, "ஏம்மா, பிளட் குரூப் சீட்டும் குழந்தையத் துடைக்க ஒரு துணியும் குடுங்க" என்று கேட்டபோது, எங்கள் தாயார் அந்தப் பையை நடைபாதைத் தரையிலேயே கவிழ்த்துத் தேட வேண்டியதாயிற்று. பூப்போட்ட புதுச் சட்டைகளும், கிலுகிலுப்பையும், சீப்பும், பவுடர் டப்பாவும் கைக்கு வந்தன. துணி அடியில் கிடந்தது. சீட்டோ இராசிபுரத்தில் அவளுடைய மாமியார் வீட்டுப் பீரோவிலேயே தங்கிவிட்டிருந்தது. இரத்தத்தை மறுபடி சோதித்தார்கள். தாயும் சேயும் க்ஷேமமாகவே வந்தார்கள். எனினும் அந்தக் கால் மணி நேரத்தில் எங்கள் தாயாரின் விரல்கள் நடுங்கியதை நான் மறக்கவில்லை. பிரசவப் பையைக் கட்டுகிறவள் ஒருத்தி, அதைத் திறக்கிறவர் வேறொருவர் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். கட்டியவள் உள்ளே வேதனையில் கிடக்கும் சமயத்தில், அவளுடைய மனத்தில் இருந்த ஒழுங்கு வெளியே நிற்பவருக்கு எவ்வாறு தெரியும்? ஆகையால் எந்தப் பொருளை எவர் கை தேடப்போகிறது என்பதைக் கொண்டே பையைப் பிரிக்க வேண்டும். என் அனுபவத்தில் மூன்று பைகள் போதும்: காகிதங்களுக்கு ஒரு மஞ்சப்பை, துணிகளுக்கு ஒரு கட்டைப்பை, ஆகாரத்துக்கும் துணையிருப்பவருக்கும் ஓர் ஒயர் கூடை.

முப்பத்தாறாவது வாரம் முடிவதற்குள் மூன்றும் ஆயத்தமாகி, வீட்டில் உள்ள இன்னொருவருக்கேனும் எது எங்கே என்று காட்டப்பட்டிருக்க வேண்டும். தலைப்பிரசவமானால் இதற்கு முன்பே ஒரு ஜாக்கிரதை தேவைப்படுகிறது. ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு முடிந்து, அம்மாபேட்டைப் பெண் திருச்செங்கோட்டுக்கோ நாமக்கல்லுக்கோ தாய்வீட்டுக்குப் புறப்படும்போது, புடவையும் பலகாரத் தட்டும் தவறாமல் போகின்றன. பரிசோதனைக் காகிதங்கள் மட்டும் மாமியார் வீட்டில் தங்கிவிடுகின்றன. வளைகாப்பன்று காலையிலேயே, உறவினர் கூட்டம் சேர்வதற்கு முன், மஞ்சப்பையைக் கட்டி வண்டியில் வைத்துவிடுவது உத்தமம். அதோடு, கர்ப்பத்தைப் பதிவு செய்த பகுதியின் சுகாதாரச் செவிலியரிடமும், தாய்வீட்டுப் பகுதியின் செவிலியரிடமும் இடமாற்றத்தைச் சொல்லிவிட வேண்டும்.

மஞ்சப்பையை நான் காரணத்தோடுதான் சொல்கிறேன். 2021 டிசம்பரில் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்ற இயக்கத்தைத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்னரே கல்யாண வீடுகளில் தாம்பூலத்தோடு வந்து நம் வீட்டு ஆணிகளில் தொங்கிக்கொண்டிருந்த அந்தப் பை, இருட்டிலும் நிறத்தால் அடையாளம் தெரியும்; "மஞ்சப்பைய எடுத்துட்டு வா கண்ணு" என்றால் பத்து வயதுப் பையனும் பிழையின்றி எடுத்து வருவான். அதற்குள் நீர் படாத உறை ஒன்றில் முதலில் இருக்க வேண்டியது தாய் சேய் நல அட்டை. அதன் மேலட்டையிலேயே, எல்லோரும் பிக்மி நம்பர் என்று சொல்லும் பன்னிரண்டு இலக்க எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். தமிழ்நாட்டில் குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்து சான்றிதழ் பெறுவதற்கு அந்த எண் கேட்கப்படும். அதன்பின் ஸ்கேன் அறிக்கைகள், இரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் ஆகியவற்றைத் தேதி வாரியாக, கடைசியில் எடுத்தது மேலே இருக்கும்படி அடுக்க வேண்டும். கணவன் மனைவி இருவரின் ஆதார் நகல்களும், குடும்ப அட்டை நகலும், கர்ப்பிணியின் சொந்தப் பெயரில் உள்ள வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகலும் தொடரட்டும்.

வங்கிக் கணக்கைப் பிரத்தியேகமாகச் சொல்லக் காரணம் உண்டு. 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் நடந்துவரும் மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில், ஏழைக் குடும்பத்துத் தாய்க்கு முதல் இரண்டு பிரசவங்களில் ஒவ்வொன்றுக்கும் மொத்தம் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி உண்டு. அதில் 14,000 ரூபாய் ரொக்கமாகத் தவணைகளில் தாயின் கணக்குக்கே வரும், எஞ்சியது இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகக் கிடைக்கும். பன்னிரண்டு வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்வதும், தாய்க்கு வயது 19 நிரம்பியிருப்பதும் அதற்கு நிபந்தனைகள். கணக்கு மாமனார் பெயரிலோ கணவன் பெயரிலோ இருந்து தவணை நின்றுபோன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். பிரசவித்த பெண்ணின் போஷாக்குக்காக வந்த பணம் அவளுக்கு எட்டாமற் போவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

இவற்றின் மேல் ஒரு வெள்ளைத் தாளை மடித்து வையுங்கள். அதில் கர்ப்பிணியின் பெயர், வயது, பிரசவத் தேதியாகக் குறித்த நாள், இரத்த வகை, ஒவ்வாத மருந்து ஏதேனும் உண்டானால் அதன் பெயர், நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரைகள், அழைக்க வேண்டிய நான்கு பேரின் தொலைபேசி எண்கள், அவசரத்தில் வந்து இரத்தம் கொடுக்கச் சம்மதித்திருக்கும் இருவரின் பெயர்கள் ஆகியவை தெளிவான கையெழுத்தில் இருக்கட்டும். கைபேசி அணைந்துபோனாலும் தாள் பேசும். இரத்த வகை 'நெகடிவ்' ஆனால் அதைச் சிவப்பு மையால் எழுதுங்கள். குழந்தையின் இரத்தம் 'பாசிடிவ்' எனத் தெரிந்தால் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்டி-டி என்னும் ஊசி போடவேண்டும், அடுத்த குழந்தையின் நலம் அதைப் பொறுத்திருக்கிறது.

இனிக் கட்டைப்பை. ஜவுளிக்கடையில் கொடுக்கும் அகலமான கைப்பிடிப் பையைத்தான் சொல்கிறேன். சக்கரம் வைத்த பெட்டியைவிட இதுவே மேல், ஏனெனில் வார்டில் கட்டிலுக்கடியில் நுழையும், வாயகன்று இருப்பதால் மேலிருந்து பார்த்தாலே உள்ளதெல்லாம் தெரியும். இதன் உச்சியில், கை வைத்தவுடன் அகப்படும்படியாக, சுத்தமான பருத்தித் துணிகள் இரண்டு தனிப் பொட்டலமாக இருக்க வேண்டும். ஒன்று பிறந்த சிசுவைத் துடைக்க, மற்றது ஈரம் போனபின் போர்த்த. வழியிலேயே வண்டியில் குழந்தை பிறந்துவிட்டாலும் முதலில் தேவைப்படுவது இவையே.

துணி விஷயத்தில் அம்மாபேட்டைக்காரர்கள் பாக்கியசாலிகள். சேலத்து வெண்பட்டு வேட்டி முகூர்த்தத்துக்கு உரியது. சிசுவின் மேனிக்கு உரியதோ, அப்பாவோ தாத்தாவோ வருஷக்கணக்கில் உடுத்தித் துவைத்துத் துவைத்து நூல் இளகிப்போன எட்டு முழப் பருத்தி வேட்டி. கடையில் விற்கும் எந்த மெத்தென்ற துணியும் அதற்கு ஈடாகாது என்பது என் அபிப்பிராயம். அப்படிப்பட்ட வேட்டி ஒன்றைக் கரை நீக்கிக் கிழித்தால், முக்கால் கஜத்துக்குச் சற்றுக் குறைவான சதுரங்கள் பன்னிரண்டு கிடைக்கும். இரண்டு வேட்டிகள் இருந்தால் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்குப் போதுமானது. கொதிநீரில் ஊறவைத்து, வாசனைப் பொருள் எதுவும் கலக்காமல் அலசி, கஞ்சி போடாமல், நல்ல வெயிலில் உலர்த்தி, ஆறியபின் மடித்து வையுங்கள். புதுத் துணியானால் ஒரு முறையேனும் துவைத்தே உபயோகிக்க வேண்டும். பிறந்த குழந்தைக்குச் சில நாட்கள் வரை புது வஸ்திரம் சாத்துவதில்லை என்று பல வீடுகளில் இருந்துவரும் சம்பிரதாயம் இந்த வகையில் குழந்தையின் தோலுக்கு நன்மையாகவே அமைந்தது. முன்பக்கம் முடிச்சுப் போடும் சட்டைகள் நான்கு, தலைக்கு ஒரு பருத்திக் குல்லாய், காலுறை ஒரு ஜோடி, இவ்வளவே மேற்கொண்டு வேண்டுவன.

சித்திரை வைகாசியில் பிரசவிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடியில் புதுமணத் தம்பதியரைப் பிரித்து வைக்கும் வழக்கத்துக்குச் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கலாகாது என்ற கவலையையே பெரியவர்கள் காரணமாகச் சொல்வார்கள். சேலம், நாமக்கல் சமவெளியின் கோடையை அறிந்தவர்களுக்கு அந்தக் கவலை விளங்கும். அந்த மாதங்களில் கம்பளித் துணி எடுக்க வேண்டாம். குழந்தையின் மார்பையும் உள்ளங்காலையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் போர்த்தியது போதும், உடல் சுட்டு வியர்த்தால் ஒரு துணியை நீக்கிவிட வேண்டும்.

தாயின் உடைகள் குழந்தையுடையவற்றின் கீழே தனியாக இருக்கட்டும். எத்தனை நாள் தங்கல் என்பதைக் கொண்டு கணக்கிட வேண்டும்: 2011-இல் மத்திய அரசு தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி அரசு மருத்துவமனைகளில் சுகப்பிரசவமானால் மூன்று நாளும், அறுவைச் சிகிச்சையானால் ஏழு நாளும் தாய்க்கு இலவச உணவு உண்டு என்பதையே அளவாகக் கொண்டால், நான்கு நைட்டிகளைப் பையிலும், இன்னும் மூன்றை வீட்டில் துவைத்து மடித்த நிலையிலும் வைப்பது பொருத்தம். நைட்டி முன்பக்கம் திறப்பதாகவே இருக்க வேண்டும். பிறந்தவுடன் குழந்தையைத் தாயின் வெறும் மார்பின்மேல் கிடத்துவதும், முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்டுவதும் அதனால் எளிதாகும். 1978-இல் தென்னமெரிக்காவின் பொகோட்டா நகரத்தில், எடை குறைந்த குழந்தைகளைக் காப்பாற்றப் போதிய சாதனங்கள் இல்லாத மருத்துவர்கள், கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பதுபோல் தாயின் மார்போடு சேர்த்துத் துணியால் கட்டிவைக்கும் முறையைக் கண்டார்கள். இன்று அம்முறை உலகெங்கும் போற்றப்படுகிறது. நம் குழந்தை இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்து பிறந்து, செவிலியர் அவ்வாறு கட்டச் சொன்னால், மடித்து வைத்திருக்கும் அதே வேட்டித் துணி அதற்கும் உதவும்.

உள்பாவாடைகள், உள்ளாடைகள், பெரிய அளவு நாப்கின் இரண்டு பாக்கெட், ஒரு துண்டு, வழுக்காத ரப்பர் செருப்பு, பல் துலக்கப் பிரஷ், சீப்பு, தேங்காயெண்ணெய் ஆகியவற்றை நீட்டி எழுத வேண்டியதில்லை. சோப்பை மட்டும் இரண்டாக எடுங்கள். ஒன்று தாய்க்கு, மற்றது துணையிருப்பவருக்கும் பார்க்க வருகிறவர்களுக்கும். 1847-இல் வியன்னாவின் பிரசவ விடுதியில் செம்மல்வெய்ஸ் என்ற மருத்துவர், பிரசவம் பார்ப்பவர்கள் குளோரின் கலந்த நீரில் கை கழுவிய பிறகே தாயைத் தொட வேண்டும் என்று விதித்தபின், பிரசவக் காய்ச்சலால் நேர்ந்த மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. குழந்தையைத் தூக்க ஆசைப்படும் அத்தையும் மாமாவும் முதலில் கை கழுவிவிட்டு வரவேண்டும் என்று சொல்வதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

நகை எதுவும் பையில் வேண்டாம். செவ்வாப்பேட்டைப் பட்டறைகளில் செய்த வெள்ளிக் கொலுசு நம் பெண்களின் காலை விட்டு நீங்குவதே இல்லை. ஆயினும் அறுவைச் சிகிச்சை நேர்ந்தால் கொலுசு, மெட்டி, மூக்குத்தி யாவற்றையும் கழற்றச் சொல்வார்கள், வீங்கிய காலிலிருந்து அவசரத்தில் கழற்றுவது கஷ்டம். ஆகவே நாள் நெருங்கும்போதே வீட்டில் கழற்றி வைத்துவிடுங்கள். வளைகாப்பில் அடுக்கிய கண்ணாடி வளையல்களைப் பிரசவம் வரை கழற்றலாகாது என்று வீட்டுப் பெரியவர்கள் கருதினால், ஒவ்வொரு கையிலும் இரண்டை மட்டும் நிறுத்திக்கொண்டு, பிரசவ அறை வாசலில் அவற்றையும் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். உடைந்த சில்லு தாயின் கையையோ சிசுவின் மேனியையோ கீற இடம் தரக்கூடாது.

ஒயர் கூடை, துணையிருப்பவர் திறப்பது. பிளாஸ்க், எவர்சில்வர் தட்டு, இரண்டு டம்ளர், கரண்டி, குடிநீர், கைபேசி சார்ஜர், சில்லறைப் பணம், ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வந்த பேரீச்சம்பழத்தில் ஒரு பிடி, இவை கூடைக்குள். பிரசவித்தவள் தண்ணீர் குடித்தால் வயிறு ஊதும், புண் சீழ் பிடிக்கும் என்று தாகத்தோடு அவளை வைத்திருக்கும் கொடுமை இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. பால் சுரக்க வேண்டிய உடம்புக்கு நீர் தாராளமாக வேண்டும். அறுவைச் சிகிச்சை நடந்திருந்தால் மட்டும் மருத்துவர் சொல்லும் நேரம் வரை காத்திருந்து, பின்பு கேட்கும்போதெல்லாம் வெந்நீர் ஆற்றிக் கொடுங்கள். ஜவ்வரிசிக்குப் பேர்போன நம் சீமையில் ஜவ்வரிசிக் கஞ்சியை வீட்டிலிருந்து காய்ச்சி வருவது சுலபம். அது வயிற்றுக்கு இதமானதுதான், ஆனாலும் பருப்பும் முட்டையும் கீரையும் தரும் போஷாக்கை அது தராது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

கூடையில் ஒரு பாலாடையும் இருக்கட்டும். மூக்குள்ள அந்தச் சிறு கிண்ணம் நம் பாட்டிமார்களின் கைப்பொருள். குறைமாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலைக் கறந்து ஊட்ட உகந்த சாதனம் என்று குழந்தை மருத்துவர்கள் அதை ஏற்று, ஆங்கில மருத்துவக் கட்டுரைகளிலும் 'பாலாடை' என்ற பெயராலேயே குறிப்பிடுகிறார்கள். குழந்தை சப்பிக் குடிக்க இயலாதபோது, செவிலியர் சொன்னால் மட்டும், கொதிநீரில் போட்டெடுத்து உபயோகிக்க வேண்டியது அது.

துணையிருக்கும் அம்மாவோ பெரியம்மாவோ அத்தையோ தம்மை மறந்துவிடுவது வழக்கம். மகப்பேறு வார்டில் இரவில் பெண் துணையையே அனுமதிப்பது பெரும்பாலான அரசு மருத்துவமனைகளின் முறையாகையால், அவருக்கு மாற்று ஆள் உடனே கிடைப்பதில்லை. அவருடைய பாய், போர்வை, மாற்றுப் புடவை ஆகியவற்றோடு, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அவர் சாப்பிடும் மாத்திரைகளை ஒரு வாரத்துக்குக் கணக்கிட்டு எடுத்து வையுங்கள்.

எடுக்கலாகாதவை சில உண்டு. அன்பினாலேயே பைக்குள் புகுகிறவை என்பதால் இவற்றைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். சேனை வைப்பதற்காகச் சர்க்கரைத் தண்ணீரோ, தேனோ, விளக்கெண்ணெயோ, கழுதைப்பாலோ வேண்டாம்; தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை வாதம்போல் முடக்கவல்லது. பெரியவர் ஒருவரின் நற்குணம் குழந்தைக்கு வர வேண்டும் என்பதே சேனையின் கருத்தானால், அவர் கை கழுவி வந்து குழந்தையின் தலையைத் தொட்டு ஆசீர்வதிக்கட்டும். பால் புட்டியும் மாவுப்பாலும் வேண்டாம். கிரைப் வாட்டர் வேண்டாம். தொப்புள் கொடியில் வைக்க வசம்புக் கரியும், விபூதியும், பவுடரும் வேண்டாம். ஒன்றும் இடாமல் உலரவிட்டால் அது தானே விழும். கண்ணுக்கு மை தீட்டலாகாது. திருஷ்டிப் பொட்டு வைத்தே ஆகவேண்டுமானால் உள்ளங்காலில் வையுங்கள். முதல் இருபத்துநான்கு மணி நேரம் குழந்தையைக் குளிப்பாட்டாமல் இருப்பதே நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறபடியால் குழந்தைச் சோப்பும் அவசியமில்லை. அரசு மருத்துவமனையில் பிரசவித்த தாய்மார்களுக்காக 2015-இல் தொடங்கப்பட்ட குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் துண்டு, கொசுவலை, நகவெட்டி, சௌபாக்கிய சுண்டி லேகியம் என 16 பொருள்கள் வைக்கப்பட்டன. அது கிடைக்குமா என்று செவிலியரைக் கேட்டுக்கொண்டு, பின்பு வாங்க வேண்டியதை வாங்கலாம்.

பை ஆயத்தமானபின் பாதையை யோசியுங்கள். அம்மாபேட்டையிலிருந்து சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தொலைவில் இல்லைதான். ஆனாலும் ஆடியில் கோட்டை மாரியம்மன் முதலிய கோயில்களின் பண்டிகை நடக்கும் நாட்களில், குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை பார்க்க ஜனங்கள் திரளும் இரவில், வழக்கமான வழி அடைபட்டிருக்கலாம். ஆடியில் நாள் குறித்தவர்கள் மாற்று வழி ஒன்றைப் பகலிலேயே போய்ப் பார்த்துவிட வேண்டும். 108-ஐ அழைத்தபின் வீட்டில் ஒருவர் தெருமுனைக்குப் போய் நிற்கட்டும். தறிவீடுகள் நெருங்கிய சந்துகளில் வண்டி நுழையாத இடங்கள் உண்டு. பனிக்குடம் உடைந்தாலும், இரத்தம் கண்டாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும், தலைவலியோடு கண் மங்கினாலும், வலி வரவில்லையே என்று காத்திராமல் புறப்பட வேண்டும். அப்போது கட்டைப்பை மறந்துபோனாலும் கேடில்லை, மஞ்சப்பையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். மற்றவற்றைப் பின்னால் யாரேனும் கொண்டுவரலாம்.

வீடு திரும்பும் நாளில், தாயையும் சேயையும் வீட்டில் கொண்டுவிடும் 102 வண்டிக்குச் சொல்லிவிட்டு, கட்டிலைவிட்டு எழுவதற்கு முன், புதிதாகச் சேர்ந்த காகிதங்களைச் சரிபாருங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் குழந்தை பிறந்த நேரமும் எடையும் எழுதப்பட்டிருக்கின்றனவா, பிறந்தவுடன் போடவேண்டிய பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள் காமாலைத் தடுப்பூசி ஆகியவை அட்டையில் குறிக்கப்பட்டிருக்கின்றனவா, பிறப்புப் பதிவுக்குக் கொடுத்த பெற்றோர் பெயர்கள் ஆதாரில் உள்ள எழுத்துப்படியே இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்; இருபத்தொரு நாளுக்குள் பதிவு முடிந்துவிட்டால் கட்டணமில்லை, குழந்தையின் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாமாதலால் பெயர் சூட்டுவதற்கு அவசரமும் இல்லை. எல்லாவற்றையும் மஞ்சப்பையிலேயே திரும்ப வைத்து, வீட்டுக்கு வந்ததும் பீரோவுக்குள் பூட்டாமல் கதவருகே ஆணியில் மாட்டுங்கள். நாற்பத்தைந்தாம் நாள் ஊசிக்குப் போகும்போது மறுபடி அது வேண்டும்.